கலர் எங்கே போனது? சிப் லேஅவுட் ஃபைல்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லேஅவுட் ஃபைல்களைப் பற்றியவை, அதாவது சிப்பின் எந்த அடுக்கில் எந்த வடிவம் எங்கே வர வேண்டும் என்று வரைந்து வைத்திருக்கும் ஃபைல்கள். அவற்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே கேள்வியை மூன்று பேர் மூன்று விதமான கோபத்தோடு கேட்டிருந்தார்கள், அதுதான் முதல் கேள்வி.

கேள்வி: பேராசிரியர் தன் கணினியில் காட்டியபோது மெட்டல் நீலம், பாலி (பாலிசிலிக்கான் அடுக்கு) சிவப்பு என்று அழகாக இருந்தது. அதே ஜிடிஎஸ் ஃபைலை வாங்கி வந்து என் லேப்டாப்பில் கேலேஅவுட் என்ற மென்பொருளில் திறந்தால் கலர் எல்லாம் தாறுமாறு, லேயர் பெயரே இல்லை, வெறும் எண்கள். ஃபைல் கெட்டுவிட்டதா?

கெடவில்லை. நீங்கள் பார்ப்பதுதான் அந்த ஃபைலின் நிஜ முகம், பேராசிரியர் காட்டியது மேக்கப் போட்ட முகம்.

ஜிடிஎஸ் என்பது சிப் லேஅவுட்டை எழுதி வைக்கும் ஒரு ஃபைல் வகை. அதற்குள் கலர் கிடையாது, ‘மெட்டல்’ என்ற சொல்லும் கிடையாது. ஒவ்வொரு வடிவத்துக்கும் இரண்டு எண்கள் உண்டு, ஒன்று லேயர், இன்னொன்று டேட்டாடைப். ஸ்கைவாட்டர் நிறுவனத்தின் 130 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் விவரங்களை 2020-ல் கூகுளோடு சேர்ந்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்களே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 68/20 என்றால் முதல் மெட்டல், 66/20 என்றால் பாலி, 65/20 என்றால் டிஃப்யூஷன் (டிரான்சிஸ்டர் உருவாகும் சிலிக்கான் பகுதி). இதை ஃபைல் சொல்லாது. லேயர் மேப் என்று தனியாக ஒரு பட்டியல் இருக்கும், அது சொல்லும். கலரும் கோடுபோட்ட நிரப்பலும் இன்னொரு ஃபைலில் இருக்கும். கேலேஅவுட்டில் அதற்கு லேயர் பிராப்பர்ட்டீஸ் ஃபைல் என்று பெயர், அதைப் பேராசிரியரிடம் கேட்டு வாங்கி லோட் செய்துவிட்டால் வேலை முடிந்தது. வேறு ஃபவுண்டரியில் (சிப் தயாரிக்கும் ஆலையில்) அதே 68/20 வேறு எதையாவது குறிக்கலாம், எதையுமே குறிக்காமலும் போகலாம்.

இதனால் வரும் தொல்லை கலரோடு நிற்பதில்லை. அதே முறையில் முதல் மெட்டலில் இருக்கும் இணைப்புகளின் பெயர் எழுத்துகள் 68/5-ல் இருக்க வேண்டும், வெளி வயர் வந்து சேரும் ‘பின்’ வடிவங்கள் 68/16-ல். எழுத்தைத் தப்பான எண்ணில் போட்டுவிட்டால் கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது, திரையில் பெயர் பளிச்சென்று இருக்கும். ஆனால் லேஅவுட்டையும் சர்க்யூட்டையும் ஒப்பிடும் எல்விஎஸ் சோதனை ‘உங்கள் பிளாக்கில் ஒரு போர்ட்டுகூட இல்லை’ என்று சொல்லும். முதல் தடவை அதைப் பார்க்கும்போது வரும் வயிற்றெரிச்சல் இருக்கிறதே, நானும் பட்டிருக்கிறேன்.

கேள்வி: ஜிடிஎஸ் ஃபைலை நோட்பேடில் திறந்தால் கிறுக்கல்தான் வருகிறது. உள்ளே என்னதான் இருக்கிறது? பைட் அளவில் சொல்ல முடியுமா?

தாராளமாக. ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் திறங்கள். முதல் ஆறு பைட் பெரும்பாலும் இப்படி இருக்கும்: 00 06 00 02 02 58. முதல் இரண்டு பைட் இந்தப் பதிவின் நீளம், அதாவது 6. அடுத்த 00 இது ஹெடர் என்று சொல்கிறது. அதற்கடுத்த 02, உள்ளே இருப்பது இரண்டு பைட் முழு எண் என்று சொல்கிறது. மிச்சமிருக்கும் 02 58-ஐ பதின்ம எண்ணாக மாற்றினால் 600, அது ஜிடிஎஸ் என்ற ஃபைல் வடிவத்தின் பதிப்பு எண். முழு ஃபைலும் இதே தாளத்தில்தான் போகும்: நீளம், வகை, டேட்டா, மறுபடி நீளம், வகை, டேட்டா. இதைப் படிக்க ஒரு சின்ன புரோகிராம் எழுத ஒரு சாயங்காலம் போதும், எழுதிப் பாருங்கள், நூறு கட்டுரை படிப்பதைவிட அதில் அதிகம் புரியும்.

ஒரே ஒரு இடத்தில் இடறுவீர்கள், அதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். யூனிட்ஸ் என்ற பதிவில் எட்டு எட்டு பைட்டாக இரண்டு தசம எண்கள் வரும். இன்றைய கணினி மொழிகளில் இருக்கும் ‘டபுள்’ என்று நினைத்து அதைப் படித்தால் குப்பைதான் வரும். இந்த ஃபைல் வடிவம் கால்மா என்ற நிறுவனம் 1978-ல் கொண்டுவந்த ஜிடிஎஸ்-2 டிசைன் சிஸ்டத்தோடு பிறந்தது, ஐஇஇஇ 754 என்ற தசம எண் தரம் வந்ததோ 1985-ல். அதனால் இதில் இருப்பது 16-ஐ அடியாகக் கொண்ட பழைய முறை: ஒரு பிட் குறி, ஏழு பிட் அடுக்கு (அதில் 64-ஐக் கழிக்க வேண்டும்), மிச்சம் 56 பிட் பின்னம். 41 10, அதற்குப் பின் ஆறு பூஜ்ஜிய பைட் என்று இருந்தால் அது 1.0. கையால் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள், பிடிபட்டுவிடும்.

அந்த இரண்டு எண்களும் பெரும்பாலும் 0.001, அப்புறம் 1-ஐ நூறு கோடியால் வகுத்தது. முதலாவது, டேட்டாபேஸ் அலகு (ஃபைலுக்குள் அளவை எண்ணும் அலகு) ஒன்று பயனரின் அலகில் எவ்வளவு என்பது (பயனருக்கு மைக்ரான் என்றால் 0.001). இரண்டாவது, அதே அலகு மீட்டரில் எவ்வளவு என்பது, அதாவது ஒரு நானோமீட்டர். இதற்குப் பிறகு வரும் ஆயங்கள் எல்லாமே நான்கு பைட் முழு எண்கள். ஒரு நானோமீட்டர் அலகில் அது கூட்டல் கழித்தல் 2.147 மீட்டர் வரை போகும், சிப் எதுவும் அவ்வளவு பெரிசாக வரப் போவதில்லை.

ஒரு செவ்வகம் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தொடக்கப் பதிவு 4 பைட் (00 04 08 00), லேயர் 6, டேட்டாடைப் 6, ஆயங்கள் 44, முடிவு 4 (00 04 11 00). மொத்தம் 64. ஆயங்களுக்கு ஏன் 44? செவ்வகத்துக்கு நான்கு மூலைதான், ஆனால் முதல் புள்ளியைக் கடைசியில் மறுபடியும் எழுத வேண்டும் என்பது விதி. ஆக ஐந்து புள்ளி, புள்ளிக்கு 8 பைட், தலைப்பு 4. ஒரு கான்டாக்ட் ஓட்டைக்கு (மெட்டலைக் கீழே இருக்கும் அடுக்கோடு இணைக்கும் துளைக்கு) 64 பைட். சிப்பில் எத்தனை கோடி ஓட்டைகள் இருக்கும்?

கேள்வி: அப்படியானால் இந்தக் கிழட்டு வடிவத்தை ஏன் இன்னும் பிடித்துத் தொங்குகிறார்கள்? ஓயாசிஸ் வந்துவிட்டதே?

வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜிடிஎஸ்ஸுக்கு மாற்றாக வந்த ஃபைல் வடிவம், செமி என்ற சிப் தொழில் அமைப்பின் பி39 தரம் அது. முதல் 13 பைட்டைப் பார்த்தாலே அடையாளம் தெரிந்துவிடும், சதவீதக் குறி போட்டு செமி-ஓயாசிஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். வடிவமைத்தவர்கள் நிஜமாகவே யோசித்துச் செய்திருக்கிறார்கள். எண்ணுக்கு இவ்வளவு பைட் என்று நிலையான அளவு கிடையாது, சின்ன எண் என்றால் ஒரே பைட், பெரிதானால் நீளும். போன செவ்வகத்தின் லேயர், அகலம், உயரம் எல்லாம் நினைவில் இருக்கும், மாறாவிட்டால் திரும்ப எழுத வேண்டாம். பக்கத்து வடிவத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் எழுதலாம், அந்தத் தூரம் 8 மைக்ரானுக்குள் இருந்தால் இரண்டு பைட் போதும். ஜிடிஎஸ்ஸில் 64 பைட் பிடித்த அதே செவ்வகம் இங்கே ஆறு பைட்டில் முடிந்துவிடும். ஆயிரம் வயாக்கள் (இரண்டு மெட்டல் அடுக்கை இணைக்கும் துளைகள்) வரிசையாக இருந்தால் ஒரே பதிவில் ‘இதையே ஆயிரம் தடவை, இந்த இடைவெளியில்’ என்று சொல்லிவிடலாம். ஜிடிஎஸ்ஸில் இப்படித் திரும்பப் போடுவது செல்லுக்கு (பெயர் வைத்த வடிவத் தொகுப்புக்கு) மட்டும்தான் முடியும், தனி வடிவத்துக்கு முடியாது. இது போதாதென்று உள்ளேயே சுருக்கும் வசதியும் இருக்கிறது. லேயருக்குப் பெயர்கூட எழுதி வைக்கலாம் (முதல் கேள்வி கேட்டவர் கவனிக்க, கலர் மட்டும் இங்கேயும் கிடையாது).

பிறகு ஏன் ஜிடிஎஸ் சாகவில்லை? மிகச் சின்ன அளவில் செய்யும் சிப்களுக்கு, முக்கியமாக மாஸ்க் (சிப்பில் வடிவத்தை ஒளியால் பதிக்க உதவும் தகடு) தயாரிப்பில் ஃபைல் பெருத்துக்கொண்டே போகும் இடத்தில், ஓயாசிஸ்தான் ஓடுகிறது. மற்ற இடங்களில் ஜிடிஎஸ்ஸை ஜிஸிப் போட்டுச் சுருக்கி அனுப்புகிறார்கள், 64 பைட்டில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் பைட்கள் என்பதால் நன்றாகவே சுருங்குகிறது, ஓயாசிஸின் லாபம் அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. ஆனால் என் கணக்கில் பெரிய காரணம் இது இல்லை. ஜிடிஎஸ்ஸுக்கு எதுவுமே தெரியாது, அதுதான் காரணம். டிரான்சிஸ்டர் என்றால் என்ன, மெட்டல் எத்தனை அடுக்கு, எது எவ்வளவு தடிமன் எதுவும் அதற்குத் தெரியாது. தட்டையான பலகோணம், இரண்டு எண், ஒரு செல் இன்னொரு செல்லைக் கூப்பிடும் வசதி, அவ்வளவுதான். கால்மா காலத்தில் சிப்புக்கு ஒரு மெட்டலோ இரண்டோதான், இன்று பத்துக்கு மேல், ஆனாலும் ஃபைல் வடிவத்தில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை, எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் போதும். கால்மா நிறுவனமே ஜெனரல் எலக்ட்ரிக், வேலிட் லாஜிக் என்று கை மாறி மாறிக் கடைசியில் சிப் டிசைன் மென்பொருள் செய்யும் கேடன்ஸிடம் போய்ச் சேர்ந்தது. அதன் இயந்திரங்கள் எப்போதோ ஓய்ந்துவிட்டன, டேப்பில் எழுதுவதற்காக அது கண்டுபிடித்த வடிவம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: இரண்டு ஜிடிஎஸ் ஃபைல்களை ஒன்றாகச் சேர்த்தேன். எந்தப் பிழைச்செய்தியும் வரவில்லை, ஆனால் ஒரு பிளாக்கில் வயரிங் மாறிப்போயிருக்கிறது. மென்பொருளில் கோளாறா?

இரண்டு ஃபைலிலும் ஒரே பெயரில் ஒரு செல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான்.

ஜிடிஎஸ்ஸில் ஒரு செல் இன்னொன்றைப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். ‘இன்வர்ட்டர்’ என்ற பெயரில் உங்களிடம் ஒன்று, வெளியிலிருந்து வாங்கிய பிளாக்கில் ஒன்று என்று இருந்தால், சேர்க்கும் மென்பொருள் ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப்போடலாம், இல்லை இரண்டின் வடிவங்களையும் ஒரே செல்லுக்குள் கொட்டலாம், இல்லை பெயரை மாற்றி இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். எதைச் செய்யும் என்பது அந்த டூலைப் பொறுத்தது, நீங்கள் டிக் செய்த பெட்டியைப் பொறுத்தது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு மெமரி பிளாக் வாங்கியிருந்தோம், அதில் ஒரு வயா செல். எங்கள் ஃபைலிலும் அதே பெயரில் ஒரு வயா செல். பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்று, உள்ளே மட்டும் எங்களுடையதில் இரண்டு ஓட்டை, அவர்களுடையதில் நான்கு. டூல் எங்களுடையதை வைத்துக்கொண்டு அவர்களுடையதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. டிஆர்சி (அகலம், இடைவெளி விதிகளைப் பார்க்கும் சோதனை) சுத்தம், எல்விஎஸ் சுத்தம், ஏனென்றால் ஓட்டை குறைந்தாலும் இணைப்பு இணைப்புதானே. மெமரி தந்தவர்கள் கொடுத்த மூல ஃபைலோடு எக்ஸார் (இரண்டு லேஅவுட் வேறுபடும் இடங்களை மட்டும் காட்டும் ஒப்பீடு) போட்டுப் பார்த்தபோது, அந்த பிளாக் முழுக்க அம்மை போட்ட மாதிரி புள்ளிகள் வந்து நின்றன. டேப்அவுட்டுக்கு (டிசைனைத் தயாரிப்புக்கு அனுப்பும் நாளுக்கு) நான்கு நாள் முன்னால். அன்றிலிருந்து எந்த பிளாக் வந்தாலும் முதல் வேலையாக எல்லா செல் பெயருக்கும் முன்னால் ஒரு அடைமொழி ஒட்டிவிடுகிறேன். பழைய விதிப்படி பெயர் 32 எழுத்துக்குள் இருக்க வேண்டும், இன்றைய டூல்கள் பெரும்பாலும் அதற்கு மேலும் விடும், இருந்தாலும் அடைமொழியைச் சின்னதாக வையுங்கள். நீளமான பெயர்களை வால் பக்கம் வெட்டும் பழைய டூல் ஒன்று நடுவில் இருந்தால், வெட்டிய பிறகு இரண்டு பெயர் ஒன்றாகிவிடும், ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்பீர்கள்.

கேள்வி: ஒரே லேஅவுட்டை இரண்டு தடவை எழுதினால் எம்டி5 (ஃபைலின் கைரேகை மாதிரியான எண்) வேறு வேறாக வருகிறது. எதையும் மாற்றவில்லை!

நேரம் மாறியிருக்கிறதே. லைப்ரரி (ஃபைலில் இருக்கும் எல்லா செல்களின் தொகுப்பு) தொடக்கத்திலும் ஒவ்வொரு செல்லின் தொடக்கத்திலும் மாற்றிய நேரம், கடைசியாகத் தொட்ட நேரம் என்று ஆறு ஆறாகப் பன்னிரண்டு எண்கள் எழுதப்படும். நேரம் எழுதாதே என்றோ, இந்த நிலையான தேதியைப் போடு என்றோ சொல்லும் வசதி பல டூல்களில் உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். எப்படியும் வடிவம் மாறியதா என்று பார்க்க எக்ஸார்தான் சரி. இதே தேதி விஷயத்தில் வருஷத்தைச் சில மென்பொருள் முழுசாக எழுதும், சில 1900-ஐக் கழித்து எழுதும், அதனால் உங்கள் ஃபைல் 124-ஆம் வருஷத்தில் செய்யப்பட்டதாகக் காட்டினால் பயப்படாதீர்கள்.

கேள்வி: ஒளி சிப் வடிவமைக்கிறேன். 10 மைக்ரான் ஆரத்தில் ஒரு வளையம் வேண்டும். ஜிடிஎஸ்ஸில் வட்டமே இல்லை என்கிறார்களே?

இல்லைதான். ஓயாசிஸில் வட்டத்துக்கு ஒரு பதிவு இருக்கிறது, ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள், கடைசியில் எல்லோரும் பலகோணமாக்கித்தான் வேலை பார்க்கிறார்கள். நீங்களே பலகோணமாக வரைந்து கொடுப்பது நல்லது, எத்தனை பக்கம் என்பது உங்கள் கையில் இருக்கும்.

எத்தனை போதும்? பலகோணத்தின் பக்கம் வட்டத்திலிருந்து எவ்வளவு உள்ளே போகிறது என்று பாருங்கள். 10 மைக்ரான் ஆரத்துக்கு 64 பக்கம் வைத்தால் விலகல் சுமார் 12 நானோமீட்டர், ஒளி அதைப் பார்த்துவிடும். 200 பக்கம் என்றால் சுமார் 1.2 நானோமீட்டர். உங்கள் கிரிட் (புள்ளிகள் உட்காரக்கூடிய கட்டம்) ஒரு நானோமீட்டர் என்றால் அதற்கு மேல் பக்கங்களைக் கூட்டிப் பெரிய பலன் இல்லை, புள்ளிகள் எப்படியும் பக்கத்துக் கிரிட் புள்ளிக்கு உருண்டுவிடும். ஆயிரம் பக்கம் வைத்துவிட்டு ஃபைல் பெரிசாகிவிட்டது என்று புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

வளையத்துக்கு நடுவில் ஓட்டை வேண்டுமே, அதுதான் அடுத்த சிக்கல். ஜிடிஎஸ் பலகோணத்துக்கு ஓட்டை போடத் தெரியாது. வெளிவட்டத்தைச் சுற்றி வந்து, ஒரு கோட்டில் உள்ளே இறங்கி, உள்வட்டத்தை எதிர்த்திசையில் சுற்றி, அதே கோட்டில் வெளியேறுவது ஒரு வழி, சாவித்துவாரம் மாதிரி. அந்த வெட்டுக்கோடு படுக்கையாகவோ நேர்செங்குத்தாகவோ இருக்கட்டும், சாய்ந்திருந்தால் கிரிட்டில் உருளும்போது நூலிழை இடைவெளி திறந்துகொள்ள வாய்ப்பு உண்டு. நான் வளையத்தை நான்கு துண்டாக வெட்டிவிடுவேன், ஒட்டும் இடங்களில் இரண்டு துண்டுக்கும் அதே புள்ளிகள். பழைய விதியில் பலகோணத்துக்கு 200 புள்ளிதான் உச்சம், பதிவின் நீளம் இரண்டு பைட்டில் அடங்க வேண்டும் என்பதால் எவ்வளவு நீட்டினாலும் 8191-ஐத் தாண்டாது. நான்கு துண்டாக்கினால் அந்த 200-க்குள்ளேயே அடங்கிவிடும், எந்த டூலும் முணுமுணுக்காது.

பாத் என்ற பதிவில் (நடுக்கோட்டையும் அகலத்தையும் மட்டும் சொல்லும் பதிவு) வட்ட முனை வைத்து ஏமாற்றலாமே என்று நினைக்காதீர்கள். அந்த வட்ட முனைக்கு எத்தனை பக்கம் என்பதை ஒவ்வொரு டூலும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்யும். கூர்மையான திருப்பத்திலும் அதே கதைதான்.

கேள்வி: லெஃப், டெஃப் ஃபைல்களையும் ஃபவுண்டரிக்கு அனுப்ப வேண்டுமா? அவையும் லேஅவுட்தானே?

மாஸ்க் செய்ய அவை வேண்டாம். லெஃப் என்பது செல்லின் மேலோட்டம்: அகலம் உயரம் எவ்வளவு, பின்கள் எங்கே, வயர் எங்கெல்லாம் போகக் கூடாது. செல்லுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அதில் இருக்காது. டெஃப் என்பது எந்த செல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தத் திசையில், எந்த வயர் எதை எதோடு இணைக்கிறது என்ற விவரம். இரண்டும் வெறும் எழுத்து ஃபைல், திறந்து படிக்கலாம், பெயர்களும் அப்படியே இருக்கும். ஜிடிஎஸ்ஸுக்குத் தெரியாத எல்லாம் இவற்றுக்குத் தெரியும், ஜிடிஎஸ்ஸுக்குத் தெரிந்த ஒன்று, அதாவது கடைசி வடிவம், இவற்றுக்கு முழுசாகத் தெரியாது.

டெஃப்பிலிருந்து ஜிடிஎஸ் எழுதும்போது ஒவ்வொரு செல்லின் நிஜ ஜிடிஎஸ்ஸையும் கூடவே கொடுக்க வேண்டும். ஒன்றைக் கொடுக்க மறந்தால் சில டூல்கள் லெஃப்பில் இருக்கும் வெறும் கூட்டை எழுதிவிட்டுப் போய்விடும். தூரத்திலிருந்து பார்க்க சிப் முழுசாகத் தெரியும், பெரிதாக்கிப் பார்த்தால் பின்கள் இருக்கும், டிரான்சிஸ்டர் இருக்காது. லாக் ஃபைலில் எச்சரிக்கை வந்திருக்கும், ஆயிரம் எச்சரிக்கைக்கு நடுவில்.

கேள்வி: கெர்பர் ஃபைலும் இதே குடும்பமா?

பக்கத்து வீடு. அது சர்க்யூட் போர்டுக்கு. ஒரு லேயருக்கு ஒரு ஃபைல், எழுத்து வடிவம், வட்டம் உண்டு. சிப்புக்கு யாரும் அதைக் கேட்பதில்லை.

கேள்வி: எங்கள் ஆய்வகத்தில் பழைய சிஐஎஃப் ஃபைல்கள் கிடக்கின்றன. கேலேஅவுட் திறக்கிறது, ஆனால் அளவு தப்பாக இருக்கிறது.

சிஐஎஃப் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பிறந்த லேஅவுட் ஃபைல் வடிவம், வெறும் எழுத்தில் இருக்கும். 1981-ல் தொடங்கிய மோசிஸ் சேவை, பல்கலைக்கழகங்களின் சின்னச் சின்ன டிசைன்களை ஒரே வேஃபரில் (சிப்கள் செய்யும் சிலிக்கான் தகட்டில்) சேர்த்துச் செய்துகொடுத்தது, அதற்குப் பலரும் அனுப்பியது இந்த வடிவத்தில்தான். எனக்கு இதன்மேல் ஒரு பாசம் உண்டு, கையாலேயே எழுதலாம். ‘பி 200 400 100 200’ என்றால் ஒரு பெட்டி, 200 நீளம், 400 அகலம், நடுப்புள்ளி (100, 200). அலகு மைக்ரானில் நூறில் ஒரு பங்கு, ஆக அது 2 மைக்ரானுக்கு 4 மைக்ரான். இதை நானோமீட்டர் என்று நினைத்துப் படித்தால் எல்லாமே பத்து மடங்கு சுருங்கிவிடும்.

உங்கள் ஃபைலில் தப்பு அங்கே இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு செல்லும் ‘டிஎஸ்’ என்ற கட்டளையோடு தொடங்கும், அதில் செல்லின் எண்ணுக்கு அப்புறம் இரண்டு எண்கள் வரும். முதலாவதை இரண்டாவதால் வகுத்து வருவதை அந்த செல்லின் எல்லா அளவோடும் பெருக்க வேண்டும். 25, 2 என்று இருந்தால் பன்னிரண்டரை மடங்கு. நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட் எதிலாவது முதலில் மாற்றியிருந்தால் இதை விட்டிருக்கிறதா பாருங்கள். பெட்டியை மூலையை வைத்துச் சொல்லாமல் நடுவை வைத்துச் சொல்வதால் இன்னொரு வம்பும் உண்டு: நீளம் ஒற்றைப்படை என்றால் மூலை அரை அலகில் போய் விழும், டூல் அதை ஏதாவது ஒரு பக்கம் தள்ளும், ஒட்டியிருந்த இரண்டு பெட்டிகள் விலகும்.

கேள்வி: பெரிய ஜிடிஎஸ் ஃபைலை நெட்டில் அனுப்பினேன். முழுசாகப் போய்ச் சேர்ந்ததா என்று எப்படி உறுதி செய்வது? கடைசியில் நிறைய பூஜ்ஜியம் இருக்கிறது, அறுந்துவிட்டதா?

பூஜ்ஜியம் இருந்தால் பரவாயில்லை. டேப்பில் 2048 பைட் கட்டைகளாக எழுதிய காலத்தில் கடைசிக் கட்டையை நிரப்பப் பூஜ்ஜியம் போட்டார்கள், சில டூல்கள் அந்தப் பழக்கத்தை இன்னும் விடவில்லை. அந்தப் பூஜ்ஜியங்களுக்கு முன்னால் 00 04 04 00 இருக்கிறதா பாருங்கள் (கடைசி 00 பூஜ்ஜியங்களோடு கலந்து தெரியும்). அது லைப்ரரி முடிந்தது என்ற பதிவு. அது இல்லையென்றால் ஃபைல் நடுவில் அறுந்திருக்கிறது. இருந்தும் திறக்க மறுத்தால், எழுத்து ஃபைல் என்று நினைத்து எஃப்டிபி வரி முடிவுகளை மாற்றியிருக்கலாம், பைனரி முறையில் மறுபடி அனுப்புங்கள். ஜிடிஎஸ்ஸுக்குச் சரிபார்க்கும் எண் எதுவும் கிடையாது, அதனால் எம்டி5-ஐத் தனியாக ஒரு வரியில் எழுதிக் கூடவே அனுப்பிவிடுங்கள். ஓயாசிஸ் என்றால் முடிவுப் பதிவு எப்போதும் 256 பைட், எழுதும்போதே கேட்டால் சரிபார்க்கும் எண்ணும் அதற்குள் உட்கார்ந்திருக்கும்.